உப்பிறால் சிவந்த கதை

முத்தையாபுரத்திலிருந்து தூத்துக்குடி ஊருக்குள் போகும் காலைப் பேருந்தில் எனக்குச் சன்னலோரம் கிடைப்பது அபூர்வம். அப்படிக் கிடைத்த ஒரு நாள், வழியோர உப்பளத்தில் ஒரு பாத்தி முழுக்க ரோஸ்மில்க் ஊற்றினது மாதிரி கிடந்தது. பக்கத்துப் பாத்தி வழக்கம்போல வானத்தின் நிறம். அதற்கும் அடுத்தது லேசான செங்கல் நிறம். இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, இதே வழியில் வேலைக்குப் போய்வந்து, பாதி ஆயுசைக் கழித்த பிறகு அன்றைக்குத்தான் இது ஏன் இப்படிச் சிவந்திருக்கிறது என்று கேட்கத் தோன்றியது.

பக்கத்தில் இருந்த அம்மாவிடம் கேட்டேன். "பேக்டரித் தண்ணிய தெறந்து விட்டிருப்பானுவ" என்றார். நடத்துநர் "சாயம்" என்று ஒரே சொல்லில் முடித்தார். நான் வேலை பார்ப்பது கப்பல் சரக்குகளுக்குச் சுங்கக் காகிதம் தயார் செய்யும் அலுவலகம். அங்கே கேட்டதற்கு, "வெயிலு மேடம், கண்ணுக்கு அப்படித் தெரியும்" என்று பதில் வந்தது. ஆளுக்கொரு விடை வைத்திருந்தார்கள். யாரும் பாத்தி ஓரம் போய்ப் பார்த்தவர்கள் இல்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நாத்தனாரிடம் சொன்னேன். என் கணவரின் தங்கை அவள். எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தாள். அவள் கணவர் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறார், வருடத்தில் பாதிக்கு மேல் கடலில்தான். பிள்ளைகள் கோயம்புத்தூரில் படித்தார்கள். அவள் வீட்டிலிருந்தே ரவிக்கை தைத்துக் கொடுப்பாள், முத்தையாபுரத்தில் அவள் கை வைத்த ரவிக்கைக்குத் தனி மதிப்பு உண்டு. அந்த வருடம் அவளுக்கு உடம்பில் ரத்தம் குறைவு என்று டாக்டரம்மா மாத்திரை கொடுத்திருந்தார். மாடிப்படி ஏறும்போது நடுவில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, அங்கிருந்தபடியே என்னோடு பேசிக்கொண்டிருப்பாள்.

"பேக்டரிக் கழிவுதான் மதினி. வேற என்ன?" என்றாள் அவளும்.

"அப்படின்னா எல்லாப் பாத்தியும்லா செவக்கணும். ஒண்ணு செவப்பு, ஒண்ணு வெள்ளை, ஒண்ணு ரெண்டுங்கெட்டான். கழிவு பாத்தி பாத்துப் பாத்தா போவும்?"

தையல் மிஷினின் சக்கரத்தைக் கையால் நிறுத்திவிட்டு யோசித்தாள். "ஆமா, அதுவும் சரிதான். ஞாயித்துக்கெழம போய்ப் பாப்பமா?"

இப்படித்தான் எங்கள் ஆராய்ச்சி தொடங்கியது. அதை ஆராய்ச்சி என்று அப்போது நாங்கள் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கேயாவது வெளியே போக ஒரு சாக்கு கிடைத்தது, அவ்வளவுதான்.

உப்பளத்தைக் கவனித்துக்கொண்டிருந்த அண்ணாச்சியிடம் கொஞ்சம் தண்ணீர் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டோம்.

"எதுக்கும்மா?"

"சும்மா பாக்கதுக்குத்தான் அண்ணாச்சி."

"பாக்கதுக்கா?" அவர் சிரித்துவிட்டார். "எடுத்துக்கிடுங்க. அந்தாக்குல கடல்லயும் ரெண்டு பாட்டில் எடுத்துட்டுப் போங்க, நெறைய கெடக்கு. வரப்பு வழுக்கும், பாத்து நடங்க."

கடல் தண்ணீரோ போர்த் தண்ணீரோ முதல் பாத்தியில் நிற்கும். வெயிலில் சுண்டச் சுண்ட அடுத்தடுத்த பாத்திக்குப் போகும். கடைசிப் பாத்தியில் உப்பாக விளையும். நாங்கள் மூன்று பாத்திகளில் எடுத்தோம். முதல் பாத்தித் தண்ணீர் ஊறுகாய்ப் பாட்டிலில், நடுவில் உள்ளது ஜாம் பாட்டிலில், கடைசிக்கு முந்தைய செங்கல் நிறப் பாத்தியிலிருந்து ஒரு பெரிய ஹார்லிக்ஸ் பாட்டிலில். வீட்டுக்கு வந்து சமையல் மேடையில் வரிசையாக வைத்து, பின்னால் ஒரு வெள்ளைத்தாளை நிறுத்திப் பார்த்தோம்.

முதல் பாட்டிலில் நகத்தளவு மீன்குஞ்சு ஒன்று ஓடியது. வேறு எதுவும் இல்லை. நடுப்பாட்டிலில் என்னவோ அசைந்தது. ஒன்றல்ல, நிறைய. சுண்டுவிரல் நகத்தின் நீளம்கூட இருக்காது. கண்ணாடிபோல உடம்பு, இரண்டு கறுப்புப் புள்ளிகளாகக் கண், உடம்பின் இரு பக்கமும் இறகு மாதிரிக் கால்கள். அந்தக் கால்கள் ஒன்றன்பின் ஒன்றாக அலை அடிப்பதுபோல ஓயாமல் அசைந்தன. எல்லாம் மல்லாக்க நீந்திக்கொண்டிருந்தன. செங்கல் நிறப் பாட்டிலிலும் அதே பிராணிகள்தாம். ஆனால் அங்கே அவை சிவந்திருந்தன, குங்குமத்தைக் கரைத்துக் குடித்த மாதிரி.

"கூனி இறாலா மதினி?"

"கூனி இப்படி மல்லாந்தா நீந்தும்?"

"மல்லாந்து நீந்துத ஒண்ண இப்பத்தான் பாக்கேன்" என்றாள் அவள். வெயிலில் அலைந்து வந்த களைப்பு முகத்தில் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். அன்று இரவுச் சமையலுக்கு நான் அடுப்புப் பற்ற வைக்க வெகுநேரம் ஆயிற்று.

கைப்பேசியில் தேடியதில் அது உப்பிறால் என்று தெரிந்தது. உப்பு ஏறிய தண்ணீரில் மட்டும் பிழைக்கும் ஒரு சின்னஞ்சிறு பிராணி. கடலில் மீன் விடாது, தின்றுவிடும். மீன் பிழைக்க முடியாத உப்பில் போய் இது குடியிருக்கிறது. உப்பளத்துக்குக் கொக்குகளும் பூநாரைகளும் எதைத் தேடி வருகின்றன என்பதும் அப்போது விளங்கியது.

தண்ணீரின் சிவப்புக்கு இவைதாம் காரணம் என்று நான் முடிவு கட்டினேன். நாத்தனார் ஒத்துக்கொள்ளவில்லை. தன் அண்ணனின் பழைய வேட்டியை நான்காக மடித்து, செங்கல் நிறத் தண்ணீரை அதில் வடிகட்டினாள். இறால்கள் எல்லாம் துணியில் தங்கின. கீழே இறங்கிய தண்ணீர் அப்போதும் சிவப்பாகத்தான் இருந்தது.

"பாத்தியளா. தண்ணி செவப்பு வேற, இதுக செவப்பு வேற."

தண்ணீரைச் சிவக்க வைப்பது கண்ணுக்குத் தெரியாத இன்னும் நுண்ணிய உயிர்கள் என்று பிறகு படித்தோம். அது எங்கள் வேட்டிக்கு அடங்காத சங்கதி. ஆனால் ஒரே இறால் ஒரு பாத்தியில் கண்ணாடியாகவும் இன்னொரு பாத்தியில் சிவப்பாகவும் இருப்பது ஏன் என்பதை வீட்டிலேயே பார்க்க முடியும் என்று இருவருக்கும் தோன்றியது. கைப்பேசியில் தேடினால் அதற்கும் விடை கிடைத்திருக்கும். தேடக் கூடாது என்று அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "கண்டுபிடிக்க வேண்டியத எவனோ சொல்லிட்டாம்னா பெறகு நமக்கென்ன சோலி?"

அவள் கட்சி சாப்பாடு. பீட்ரூட் தின்றால் நாக்கு சிவக்கிறது. சிவந்த தண்ணீரில் இருப்பதைத் தின்று இதுவும் சிவந்திருக்கும். என் கட்சி உப்பு. உப்பு கூடக் கூட நிறம் கூடுகிறது, பாத்தியிலேயே பார்த்தோமே என்பது என் வாதம்.

முதல் முயற்சியில் இரண்டு பேருமே தோற்றோம். கொண்டுவந்த இறால்களைப் பிரித்து, பைப்புத் தண்ணீரில் உப்புக் கரைத்து விட்டதில் அடுத்த நாளே எல்லாம் அடியில் கிடந்தன. குழாய்த் தண்ணீரில் மருந்து கலந்திருக்கும், ஒரு நாள் திறந்து வைத்துவிட்டுத்தான் விட வேண்டும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அடுத்த முறை மொட்டைமாடிச் சுவரில் வைத்தோம், வெளிச்சம் கிடைக்கட்டும் என்று. மே மாத வெயில் பாட்டிலைச் சுடுதண்ணீர் ஆக்கிவிட்டது. நடுப்பாத்தி இறாலை நேராகக் கடும் உப்பில் விட்டோம், அதுவும் ஆகவில்லை. தினம் கொஞ்சம் கொஞ்சமாக உப்பை ஏற்றினால் தாங்கிக்கொண்டன. உப்பளத்து அண்ணாச்சி எங்கள் ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே, "வாங்க, பழைய பிள்ளைகள்லாம் போய்ட்டா?" என்று கேட்க ஆரம்பித்தார்.

உப்பின் அளவைப் பார்க்க உப்பளத்தில் ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்க விடுவார்கள். உப்பு கூடினால் குழாய் மேலே எழும்பும். நாங்கள் குளிர்பானம் உறிஞ்சும் குழல் ஒன்றை எடுத்து, அடியை மெழுகால் அடைத்து, உள்ளே மீன்வலைக் கடையில் வாங்கிய சின்ன ஈயக்குண்டுகளைப் போட்டோம். வெறும் தண்ணீரில் மிதக்க விட்டு மையால் ஒரு கோடு, கடல் தண்ணீரில் ஒரு கோடு, செங்கல் நிறத் தண்ணீரில் ஒரு கோடு. அந்தக் குழல் தண்ணீரில் நிமிர்ந்து நின்றபோது எனக்கு வந்த பெருமையைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். துறைமுகத்தில் நிற்கும் கப்பலின் பக்கவாட்டில் எவ்வளவு ஆழம் முங்கியிருக்கிறது என்று காட்டும் கோடுகளைத் தினம் பார்க்கிறவள் நான். எங்கள் வீட்டுச் சொம்புக்குள் ஒரு கப்பல் நின்றது.

என் கணவருக்கு ஊருக்குள் எலக்ட்ரிகல் கடை. உடன்குடிப் பக்கம் கருப்பட்டி வியாபாரம் செய்த குடும்பத்தில் பிறந்தவர், வீட்டுக்குள் எறும்பு வந்தாலே பதறுகிறவர். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "என்ன வேணாலும் செய்யுங்க. சாப்புடுத மேசையில மட்டும் பூச்சிய வைக்கக் கூடாது."

"பூச்சி இல்லண்ணே, இறாலு" என்றாள் தங்கை.

"இறாலுன்னா பொரிச்சி வையி. திங்கேன்."

சொன்னாரே ஒழிய, இரண்டு நாள் கழித்துக் கடையிலிருந்து வரும்போது ஒரு லேசர் லைட்டை உடைத்து, அதற்குள் இருந்த கடுகளவு கண்ணாடி வில்லையைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்தார். கைப்பேசிக் கேமராவின் மேல் அதை ஒட்டினால் சின்னது பெரிதாகத் தெரியும் என்று கடைக்கு வந்த யாரோ சொன்னார்களாம். நாத்தனார் தலைப்பின்னை வளைத்து அந்த வில்லையைக் கேமராவின் மேல் நிறுத்தினாள். திரையில் ஓர் உப்பிறால் விரல் நீளத்துக்கு வந்து நின்றது. கால்களின் ஓரத்தில் இருந்த முடிகள்கூடத் தெரிந்தன. உடம்பின் நடுவே ஒரு நீளக் குழாய், அது குடல், அதில் பச்சையாகச் சாப்பாடு போவது தெரிந்தது. என் கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"சாப்புட்டது தெரியுதே" என்றார் மெதுவாக.

அதற்குப் பிறகு அவர் பூச்சி என்று சொல்லவில்லை.

இறாலுக்குத் தீனியாக ஈஸ்ட் போடலாம் என்று படித்திருந்தோம். பேக்கரி அண்ணாச்சியிடம் ஒரு சிட்டிகை ஈஸ்ட் கேட்டபோது, "பன்னு சுடப் போறியளா?" என்றார். இறாலுக்கு என்றேன். "இறாலுக்குள்ள வச்சா?" என்று கேட்டார். விளக்கிச் சொன்னதும் ஒரு சின்னப் பொட்டலம் நிறையக் கொடுத்து, கூடவே மக்ரூன் இரண்டையும் காகிதத்தில் சுற்றி வைத்தார். "இது ஒங்களுக்கு."

எல்லாப் பாட்டிலுக்கும் ஒரே தீனி, ஒரே அளவு. உப்பு மட்டும் வேறு வேறு. சில வாரங்கள் ஓடின. இதற்கிடையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு சாயங்காலம் மழைக்கு முந்தின காற்றில் கரண்ட் போய்விட்டது. நாத்தனார் பாட்டிலைத் தேடிக் கைப்பேசி விளக்கைப் போட்டாள். பாட்டில் ஒரு கண்ணாடிப் பலகையின் மேல் இருந்தது. விளக்கைக் கீழிருந்து காட்டியதும் மல்லாக்க நீந்திக்கொண்டிருந்த அத்தனை இறாலும் அப்படியே புரண்டு குப்புற நீந்த ஆரம்பித்தன.

இரண்டு பேரும் பாட்டிலருகே குனிந்தோம். அவள் விளக்கை எடுத்து மேலே காட்டினாள். எல்லாம் மறுபடி மல்லாந்தன. கீழே காட்டினாள். குப்புறப் புரண்டன.

"மதினி, இதுகளுக்கு மேலு கீழுன்னா வெளிச்சந்தான் போல. வெளிச்சத்தப் பாத்துதான் வயித்தத் திருப்புதுக."

கடையிலிருந்து வந்த கணவர் வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே அவரைக் கூப்பிட்டோம். பார்த்தவர், "இன்னொரு மட்டம் காட்டு" என்றார். காட்டினாள். "இன்னொரு மட்டம்." பக்கவாட்டில் காட்டினால் என்ன ஆகும் என்று அவரே கேட்டு, அவரே விளக்கைப் பிடித்தார். எல்லாம் ஒருக்களித்தன. அவர் வாய்விட்டுச் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் வெகுநாளுக்குப் பிறகு கேட்டேன். இருட்டில் மூன்று பேர் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலைச் சுற்றி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தோம். கரண்ட் வந்தபோது விளக்கை அணைக்கும்படி அவர்தான் முதலில் சொன்னார்.

சிவப்பு விஷயத்தில் நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன். தீனி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், ஆனால் உப்பு கூடின பாட்டிலில் இறால்கள் லேசாகச் சிவக்கத் தொடங்கின. நாத்தனாரின் சாப்பாட்டுக் கட்சி கவிழ்ந்தது. எதிரே வரும்போதெல்லாம் "பீட்ரூட்டு எப்படி இருக்கு?" என்று அவளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் குனிந்து நூல் கோத்துக்கொண்டிருப்பாள்.

அந்தச் சந்தோஷத்தில், உப்பு கூடின பாட்டில் ஒன்றில் இறால்கள் மேற்பரப்பிலேயே கூட்டமாக நிற்பதைப் பார்த்து இரக்கப்பட்டு, மீன்தொட்டிக்கு வைக்கும் சின்னக் காற்றுப் பம்பு ஒன்றை வாங்கி அதில் போட்டேன். குமிழி விட்டுக்கொண்டே இருந்தது. நான் அதை அத்தோடு மறந்துவிட்டேன். நாத்தனார் மறக்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து என்னை மாடிக்குக் கூப்பிட்டாள். இரண்டு வெள்ளைச் சாசரில் இறால்களை எடுத்து வைத்திருந்தாள். ஒன்றில் இருந்தவை சிவப்பு. மற்றதில் இருந்தவை கண்ணாடி நிறம்.

"இது ரெண்டுல எது உப்பு கூடுன பாட்டிலு, சொல்லுங்க."

செந்நிறத்தைக் காட்டினேன்.

"ரெண்டுமே உப்பு கூடுனதுதான். ஒங்க குழலைப் போட்டுப் பாத்துக்கிடுங்க, ரெண்டும் ஒரே கோடு. வெள்ளையா இருக்குது நீங்க பம்பு வச்ச பாட்டிலு."

குழலைப் போட்டுப் பார்த்தேன். ஒரே கோடுதான். 

"மதினி, இது சோறும் இல்ல, உப்பும் இல்ல. மூச்சு."

"என்னளா சொல்லுத?"

"டாக்டரம்மா எனக்கு என்ன சொன்னாவ? ரத்தத்துல செவப்பு கொறஞ்சா மூச்சு வாங்கும்னு சொன்னாவல்லா. அந்தச் செவப்புதான் காத்தச் சொமந்துக்கிட்டுப் போவுது. இதுகளுக்குத் தண்ணியில காத்து கொறஞ்சிருக்கு. அதான் செவப்பக் கூட்டிக்கிடுதுக. நான் மாத்திரை போட்டுக் கூட்டுதேன், இதுக தானாவே கூட்டிக்கிடுதுக."

அவள் சொன்னதும் சிவந்த சாசரை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஒரு வருடமாகப் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து மூச்சு வாங்கியவள் அல்லவா. இந்த விடை எனக்குத் தோன்றாமல் அவளுக்குத் தோன்றியதில் நியாயம் இருந்தது. நான் தோற்றதில் துளி வருத்தம் இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் ஒரு தடவை பார்த்ததை வைத்து முடிவு கட்டக் கூடாது என்று இருவரும் நினைத்தோம். பம்பை எடுத்துச் சிவந்த பாட்டிலில் போட்டோம். வெளுத்த பாட்டிலைச் சும்மா விட்டோம். பம்புக்கு ஸ்விட்ச் போர்டு பக்கத்தில் இடம் வேண்டியிருந்தது. மாடியில் பிளக்குப் போதவில்லை. என் கணவர் இரண்டு பாட்டிலையும் தானே தூக்கி வந்து சாப்பாட்டு மேசையில் வைத்து, கடையிலிருந்து கொண்டுவந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியையும் இணைத்தார். 

எங்களுக்கு இன்னதுதான் சிவக்க வேண்டும் என்று ஆசை இருந்தது. ஆசை இருந்தால் கண் ஏமாற்றும். ஆகவே தீர்ப்புச் சொல்லும் வேலையை அவரிடம் கொடுத்தோம். அவரை முற்றத்தில் நிற்கவைத்துவிட்டு, எது எந்தப் பாட்டில் என்று சொல்லாமல் இரண்டு சாசரில் எடுத்துக்கொண்டு போவோம். முதலில் அவர் சிவப்பு என்று காட்டியது பழைய சிவப்புப் பாட்டிலில் இருந்தவற்றைத்தான். பிறகு ஒரு வாரம், "ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கு, சும்மா என்னைய ஏமாத்துதிய" என்றார். அதற்குப் பிறகு ஒரு காலை, கடைக்குச் சட்டை போட்டுக்கொண்டே வந்து பார்த்தவர் தயங்காமல் ஒரு சாசரைக் காட்டினார். "இதுதான் செவப்பு."

அது பம்பை எடுத்துவிட்ட பாட்டில். வெளுத்திருந்தது சிவந்துவிட்டது. சிவந்திருந்தது வெளுத்துவிட்டது.

நாத்தனார் முற்றத்திலேயே கையைத் தட்டினாள். நான் அடுப்பில் இருந்த பாலைப் பொங்கவிட்டேன். அன்றைக்கு என் கணவர் கடையைத் தாமதமாகத்தான் திறந்தார்.

இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. யாரிடம் சொல்வது? அந்த ஆளே ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்து நின்றார். கல்லூரியில் விலங்கியல் எடுக்கும் பேராசிரியை, நாத்தனாரின் பழைய வாடிக்கைக்காரர். மேசையில் பாட்டிலைப் பார்த்ததும், "இது ஆர்ட்டீமியால்லா? மீனுக்குத் தீனியாப் போடுவாவளே. மீன் வளக்கியளா?" என்றார். நாத்தனார் கழுத்தில் போட்டிருந்த அளவுநாடாவை எடுக்க மறந்து, உப்பளத்தில் தொடங்கி சாசர் வரைக்கும் சொல்லி முடித்தாள். நான் நடுநடுவே திருத்தினேன். என் கணவர் எக்ஸ்டென்ஷன் பெட்டி தன்னுடையது என்பதைச் சொல்லிக்கொண்டார்.

பேராசிரியை முழுவதும் கேட்டார். பிறகு, "நீங்க கண்டுபிடிச்சது சரிதான். ஆனா இது முன்னாலயே தெரிஞ்ச விஷயம். புத்தகத்துல இருக்கு. உப்பு ஏற ஏறத் தண்ணியில காத்து நிக்காது. அதான் ரத்தத்துல செவப்பக் கூட்டிக்கிடும். தின்னுதது வழியாவும் கொஞ்சம் நிறம் வரும்" என்றார்.

என் கணவரின் முகம் விழுந்துவிட்டது. இத்தனை மாதம் பாடுபட்டது ஏற்கனவே புத்தகத்தில் இருக்கிறது என்பது அவருக்குத் தாங்கவில்லை. எங்கள் இருவருக்கும் நேர் எதிராக இருந்தது. நாத்தனார் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "மதினி, புத்தகத்துல இருக்காம். அப்ப நாம சொன்னது சரிதான்." எங்கேயோ யாரோ பெரிய படிப்புப் படித்தவர்கள் கண்டதை, ஊறுகாய்ப் பாட்டிலையும் வேட்டியையும் வைத்து நாங்களும் கண்டிருக்கிறோம். அதிலும் உப்பென்று சொன்ன நானும் கொஞ்சம் சரி, சாப்பாடு என்று சொன்ன அவளும் கொஞ்சம் சரி. அன்று பேராசிரியைக்கு அளவு எடுக்காமலேயே அனுப்பிவிட்டாள், மறுநாள் கூப்பிட்டுத்தான் எடுத்தாள்.

அடுத்த சனிக்கிழமை பேராசிரியை எங்களைக் கல்லூரி ஆய்வகத்துக்கு அழைத்துப் போனார். மைக்ரோஸ்கோப்பில் எங்கள் இறால் ஒன்றை வைத்தார். நாத்தனார் முதலில் குனிந்தாள். குனிந்தவள் நிமிரவே இல்லை. நான் தோளைத் தொட்டதும்தான் விலகினாள். உள்ளே முதுகோரம் ஒரு நீளமான இதயம் துடித்துக்கொண்டிருந்தது. லேசான சிவப்பு, உடம்பு முழுக்க ஓடிக்கொண்டிருந்தது.

"இவ நல்லா இருக்கா" என்றாள் நாத்தனார், பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தவள் மாதிரி.

வாலுக்கு மேல் ஒரு பையில் முட்டைகள் இருந்தன. ஆண் எப்படி இருக்கும் என்று நான் கேட்டேன். பேராசிரியை சிரித்தார். "ஒங்க பாட்டில்ல நான் பாத்த வரைக்கும் ஆணே இல்ல. இந்த வகையில பெண்ணுகளே தனியா முட்டை வச்சிக் குடும்பத்தப் பெருக்கிக்கிடும்." வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் என் கணவர், "அப்ப கடை கண்ணிக்கு யாரு போவா?" என்று கேட்டார்.

ஐப்பசி மழையில் பாத்திகள் எல்லாம் வெறும் தண்ணீராகிவிட்டன. உப்பளத்தில் வேலை நின்றது. எங்கள் பாட்டில்களில் இருந்தவையும் வயதாகி ஒவ்வொன்றாக அடங்கின. போகும்போது பாட்டிலின் விளிம்பில் ஒரு பழுப்புப் பொடியை விட்டுப் போயின, நைசாக அரைத்த காப்பிப்பொடி மாதிரி. அது முட்டை, காயவைத்து எடுத்து வைத்தால் எத்தனை மாதமானாலும் கெடாது என்று பேராசிரியை சொல்லியிருந்தார். நாத்தனார் தையல் சுண்ணாம்பைத் தட்டும் சின்னப் பிரஷ்ஷால் அதைத் துளி சிந்தாமல் வழித்து, துணியில் உலர்த்தி, கொக்கி போட்டு வைக்கும் டப்பா ஒன்றைக் காலி செய்து அதில் போட்டு மூடினாள். அதற்கு உயிர் இருக்கிறது என்று என் மனம் நம்ப மறுத்தது. தூசிக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

மாசி மாதம் வெயில் திரும்பியதும் ஒரு கிண்ணம் கடல்தண்ணீரில் கொஞ்சம் பொடியைத் தூவி, மேலே ஒரு பல்பை எரியவிட்டோம். அன்று முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் நான் அலுவலகத்தில் ஒரு சரக்குக் காகிதத்தில் மும்முரமாக இருந்தபோது கைப்பேசி அடித்தது.

"மதினி" என்றாள் நாத்தனார். மூச்சு வாங்கியது அவளுக்கு. அந்த மாசியில் அவளுக்கு ரத்தமெல்லாம் சரியாகிவிட்டிருந்தது, படியை ஓடி இறங்கியிருக்கிறாள். "பொறந்துட்டு."

"பொறந்துட்டா?" என்று நான் எழுந்து நின்றுவிட்டேன். என்னை அறியாமல் சத்தமாகக் கேட்டிருக்கிறேன். அறையில் எல்லாரும் திரும்பினார்கள்.

"ஆமா, இப்பத்தான். ஆரஞ்சு கலர்ல புள்ளி புள்ளியா, துள்ளிக்கிட்டு ஓடுதுக. எண்ண முடியல. சீக்கிரம் வாங்க."

கைப்பேசியை வைத்ததும் பக்கத்து மேசைக்காரர் வந்து கை கொடுத்தார். "வாழ்த்துகள் மேடம். யாருக்கு? நாத்தனார் மகளுக்கா? ஆணா பெண்ணா?"

"எல்லாம் பொண்ணு" என்றேன்.

"எல்லாமா? ரெட்டையா?"

அதற்கு மேல் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. விளக்கிச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார், பிறகு, "எதுன்னாலும் ஸ்வீட்டு ஸ்வீட்டுதான" என்றார். மத்தியானமே எல்லாருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தேன். மேலாளர் மட்டும் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, லட்டைக் கையில் வைத்தபடி, "நானும் ஒரு நாள் வந்து பாக்கலாமா?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன்.

அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பேருந்து பிடித்தேன். வீட்டுக்குள் நுழைந்தபோது என் கணவர் எனக்கு முன்பே வந்திருந்தார். கடையை யாரிடம் விட்டு வந்தார் என்று நான் கேட்கவில்லை. அண்ணனும் தங்கையும் கிண்ணத்தின் மேல் தலை முட்டக் குனிந்திருந்தார்கள். "ஓரமா நில்லு, நெழல் விழுது" என்றார் அவர், தலையைத் தூக்காமல். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர்களுக்கு நடுவே இடம்பிடித்துக் குனிந்தேன்.